மகனின் மின்னஞ்சலில் கிடந்த 7,500 பவுண்ட்

எரிவாயுப் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுத்து மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தோம். அதற்கு 2025 மே மாத முதல் வாரத்தில் வந்த விலைப்பட்டியலில் மூன்று வரிகள்தான் எனக்கு முக்கியம். மேலே 13,180 பவுண்ட். நடுவில் மானியக் கழிவு 7,500. கீழே நான் கட்ட வேண்டிய 5,680. அந்த நடு வரிக்காக ஏழு மாதம் அலைந்தேன். அதில் பாதி நாட்கள் நானே தேடிக்கொண்டவை. ஹீட் பம்ப் வைத்து முதல் குளிர்காலத்தின் மூன்று மாதக் கணக்கும் இப்போது கையில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் இதே வேலையில் இறங்கப் போவதாகச் சொன்னதால், எங்கெங்கே இடறினேன் என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் வாங்கியது பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்னும் மானியம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் உரியது. ஸ்காட்லாந்தில் வேறு ஏற்பாடு. 2022 மே மாதம் 5,000 பவுண்டாகத் தொடங்கியது, 2023 அக்டோபர் 23 முதல் 7,500 ஆனது. நடத்துவது எரிவாயு, மின்சாரச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்ஜெம். வீட்டுக்காரர் இதற்கு விண்ணப்பிப்பதில்லை, பணமும் அவர் கைக்கு வருவதில்லை. பொருத்தும் நிறுவனம் விண்ணப்பிக்கிறது, தன் விலையில் கழிக்கிறது, பிறகு ஆஃப்ஜெமிடம் வாங்கிக்கொள்கிறது. "எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று நான் நினைத்ததற்கு இதுதான் காரணம். என்னுடைய தவறுகள் எல்லாம் அந்த ஒரு நினைப்பிலிருந்து முளைத்தவை.

பழைய பாய்லரும் முதல் நிறுவனமும்

வீடு லண்டனின் ஹாரோவில், 1930களில் கட்டியது. மூன்று படுக்கையறை, ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. 2014இல் வாங்கினோம். பாய்லர் எங்களுக்கு முன்பிருந்தவர் வைத்த 28 கிலோவாட் கொம்பி, அதாவது தொட்டி இல்லாமல் சுடுதண்ணீரும் தரும் எரிவாயுப் பாய்லர். 2024 அக்டோபரில் அதன் அழுத்தம் நிற்காமல் போனது. காலையில் 1.5 பார் வரை தண்ணீர் ஏற்றினால் மாலையில் 0.6. வெப்பப் பரிமாற்றி போய்விட்டது, மாற்ற 600 பவுண்ட், புதிய பாய்லர் என்றால் 2,600 என்றார் திருத்த வந்தவர். காலையும் மாலையும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆமா இல்லையா என்று புரியவில்லை. ஓட்டினோம்.

நவம்பரில் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார், ரேடியேட்டர்களை எண்ணினார், பாய்லரின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். ஒரு அறையைக்கூட அளக்கவில்லை. 12 கிலோவாட் ஹீட் பம்ப் வேண்டும் என்றார். பொருத்தும் நிறுவனங்களுக்குத் தரச் சான்று தரும் எம்சிஎஸ் திட்டத்தின் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அது பொய்யும் இல்லை. கையெழுத்துப் போட்டு 1,000 பவுண்ட் முன்பணம் கொடுத்தேன்.

அன்றிரவு எம்சிஎஸ் தளத்தில் தேடிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஆனால் எந்தத் தொழில்நுட்பத்துக்குச் சான்று என்ற இடத்தில் சூரியப் பலகை மட்டும். ஹீட் பம்புக்கு இல்லை. இந்த மானியத்துக்கு ஹீட் பம்புக்கான எம்சிஎஸ் சான்று பெற்ற நிறுவனம்தான் விண்ணப்பிக்க முடியும். மறுநாள் தொலைபேசியில் கதைத்தபோது, "எங்கள் கூட்டாளி நிறுவனம் விண்ணப்பிக்கும்" என்றார்கள். அந்தக் கூட்டாளியின் பெயரும் சான்று எண்ணும் கேட்டேன். நாளை, நாளை மறுநாள் என்று போனது. வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்ய நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. பதினோராம் நாள் மின்னஞ்சலில் ரத்துசெய்தேன். இரண்டு வாரத்தில் பணம் வந்துவிட்டது. பதினைந்தாம் நாள் விழித்திருந்தால் இந்தப் பதிவின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

50 டிகிரிச் சோதனை

அந்தக் கோபத்தில் உருப்படியாக ஒரு வேலை நடந்தது. 12 கிலோவாட் என்றாரே, உண்மையில் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நானே பார்க்க முடிவுசெய்தேன். கருவிகள்: 22 பவுண்டுக்கு லேசர் அளவுகோல், 18 பவுண்டுக்கு அகச்சிவப்பு வெப்பமானி, மூன்று சிறிய அறை வெப்பமானிகள் சேர்த்து 20 பவுண்ட். எரிவாயு மீட்டர் சும்மா வாசலில் இருந்தது.

ஜனவரி இரண்டாவது வாரம் நல்ல குளிர். பகலும் இரவும் சேர்த்துச் சராசரி பூச்சியத்தை ஒட்டி நின்ற ஒரு நாளில், காலை 7 மணிக்கும் மறுநாள் காலை 7 மணிக்கும் மீட்டரைக் குறித்தேன். 11.5 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 11.1 கிலோவாட் மணி என்று பில்லில் போடுகிறார்கள், ஆக 128. பழைய பாய்லரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்குள் வந்தது 109. அதை 24ஆல் வகுத்தால் 4.5 கிலோவாட். அதிலும் குளியலும் சமையலும் கொஞ்சம் உண்டு. மூன்று பேர் இருக்கும் 95 சதுர மீட்டர் வீட்டுக்கு, உள்ளே 19 டிகிரி வைத்திருக்க, இவ்வளவுதான். 28 கிலோவாட் என்பது குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் தருவதற்காகக் கொம்பிக்குத் தேவைப்படும் வலு. வீட்டைச் சூடாக்க அல்ல. பெயர்ப்பலகையைப் பார்த்து ஹீட் பம்புக்கு அளவு சொல்லுகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்து, பாய்லரின் நீர் வெப்பத்தை 70இலிருந்து 50 டிகிரிக்குக் குறைத்து பத்து நாள் விட்டேன். ஹீட் பம்ப் அந்த அளவிலோ அதற்குக் கீழோ ஓடினால்தான் மின்சாரம் மிச்சம். முன்னறை தாங்கியது. பெரிய படுக்கையறை தாங்கியது. பின்பக்கச் சிறு படுக்கையறை 15 டிகிரியைத் தாண்டவில்லை, நீட்டிக் கட்டிய சமையலறை 16. மனைவி இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடமாடினாள். அந்த மௌனத்துக்கு எந்த வெப்பமானியிலும் அளவில்லை.

இங்கேதான் அவசரப்பட்டேன். பின்னறைக்கும் சமையலறைக்கும் ரேடியேட்டர் சிறிது என்று தெரிந்துவிட்டதே என்று, கடைக்குப் போய் 600க்கு 800 மில்லிமீட்டரில் இரட்டைத் தகட்டு ரேடியேட்டர் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்று 150 பவுண்ட். பெட்டியில் 1,300 வாட்டுக்கு மேல் என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் அறையைவிட ரேடியேட்டர் 50 டிகிரி சூடாக இருக்கும்போது உள்ள கணக்கு. 45 டிகிரித் தண்ணீர், 20 டிகிரி அறை என்றால் வித்தியாசம் 25தான். வித்தியாசம் பாதியானால் வெப்பம் பாதியாவதில்லை, நாற்பது சதவீதமாகிறது. அதாவது 1,300 வாட் என்று வாங்கியது 520 வாட் தரும். பின்னர் வந்த அளவையாளர் இரண்டு இடத்துக்கும் 600க்கு 1,200 கேட்டார்.

இன்னொரு நட்டமும் இதில் உண்டு. ஹீட் பம்பைப் பொருத்தும் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை வாட் வரி இல்லை. அதனுடன் சேர்த்து நிறுவனமே போடும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்களுக்கும் அந்தச் சலுகை பொருந்தும். நாமே கடையில் வாங்கினால் 20 சதவீதம் உண்டு. நான் கொடுத்த 300இல் 50 பவுண்ட் வெறும் வரி. ஒன்றைக் கடை திரும்ப எடுத்துக்கொண்டது. மற்றதன் பெட்டியை நான் ஏற்கெனவே கிழித்திருந்தேன்.

காலாவதியான சான்றிதழ்

இரண்டாவது நிறுவனத்தைத் தெரிவுசெய்யும் முன் எம்சிஎஸ் தளத்தில் பெயரையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே பார்த்தேன். ஜனவரி இறுதியில் அவர்கள் கேட்ட முதல் ஆவணம் எரிசக்திச் சான்றிதழ், இபிசி என்பார்கள். இருக்கிறது என்று பெருமையாக வீடு வாங்கிய கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேதி 2014 ஆகஸ்ட். இந்தச் சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். என்னுடையது ஐந்து மாதத்துக்கு முன் காலாவதி. யாருடைய சான்றிதழையும் அரசுத் தளத்தில் முகவரி கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம், நான் பார்க்கவில்லை.

புதிது எடுக்க 75 பவுண்டும் ஒன்பது நாளும் ஆனது. அதற்கு முன் மேற்கூரை இடைவெளியைக் கவனித்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொன்னது. அங்கே 100 மில்லிமீட்டர் பழைய கண்ணாடி இழைதான் கிடந்தது. 170 மில்லிமீட்டர் சுருள் ஏழு வாங்கி, குறுக்காக விரித்து, 270 ஆக்கினேன். ஒன்று 26 பவுண்ட், மொத்தம் 182. கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டும் இரண்டு நாள் அரித்தது. ஆர்வக்கோளாறில் கூரையின் ஓரம் வரை திணித்துவிட்டேன். காற்றுப் போகும் வழி அடைத்து மரச்சட்டத்தில் ஈரம் பூக்கும் என்று அளவையாளர் காட்டியபின், சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இழுத்தேன். முழங்காலில் ஊர்ந்து அதே வேலையை இரண்டாம் முறை செய்வது தனி அனுபவம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சான்றிதழில் மேற்கூரைக்கோ சுவர் இடைவெளிக்கோ காப்பு போடச் சொல்லிப் பரிந்துரை இருந்தால் அதை முடித்த பிறகுதான் மானியம் என்று முன்பு விதி இருந்தது. 2024 மே 8 முதல் அது இல்லை. 2023இல் விண்ணப்பித்த ஈஸ்ட்ஹாம் அண்ணா ஒருவர் அந்த விதியில் சிக்கிப் பட்ட பாட்டைக் கேட்டுத்தான் நான் ஓராண்டு தள்ளிப்போட்டேன். எடுத்துப்போட்ட விதிக்குப் பயந்து காத்திருந்திருக்கிறேன்.

90 சென்டிமீட்டர்ச் சந்து

அளவையாளர் பெண் ஒருவர், மூன்று மணி நேரம் இருந்தார். ஒவ்வொரு அறையின் நீள அகலம், ஜன்னல், வெளிச்சுவர், ரேடியேட்டர், குழாயின் விட்டம் எல்லாம் எடுத்தார். முன்னறைக்கு 21, படுக்கையறைகளுக்கு 18, குளியலறைக்கு 22 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கில், வெளியே மைனஸ் 2 இருக்கும்போது வீட்டின் வெப்ப இழப்பு 6.1 கிலோவாட். என் மீட்டர்க் கணக்கைவிடச் சற்று அதிகம், முதல் விற்பனையாளரின் 12இல் பாதி. 7 கிலோவாட் இயந்திரம் தீர்மானமானது.

அதை எங்கே வைப்பது? வீட்டின் பக்கவாட்டில் குப்பைத்தொட்டிகள் நிற்கும் சந்து எனக்கு மனதுக்குள் நிச்சயமாகியிருந்தது. அகலம் 90 சென்டிமீட்டர். அவர் நாடாவை நீட்டக்கூட இல்லை. தனி அனுமதி வாங்காமல் வைக்க வேண்டுமானால் எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்றார். உள்ளூராட்சியிடம் விண்ணப்பித்தால் எட்டு வாரமாவது போகும். பின் தோட்டத்துக்குப் போனோம். அங்கே வேறு நிபந்தனை. இந்த இயந்திரத்தில் குளிர்பதனப் பொருள் புரொப்பேன், எரியக்கூடியது. கதவு, ஜன்னல், வடிகால் துளைகளிலிருந்து தயாரிப்பாளர் சொன்ன தூரத்தைக் காக்க வேண்டும். சமையலறை ஜன்னலைத் தவிர்த்து இன்னும் 40 சென்டிமீட்டர் நகர்த்தினோம். கடைசியில் நின்ற இடம் வேலியிலிருந்து 1.4 மீட்டர். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் கேட்கும் சத்தத்தைக் கணக்கிட்டார்: 41 டெசிபெல், அப்போதைய வரம்பு 42. இடம் மாறியதால் காப்புறை போட்ட 28 மில்லிமீட்டர் குழாய் ஏழு மீட்டர் கூடியது, 380 பவுண்ட்.

வேலை முடிந்து ஐந்தாவது வாரம், 2025 மே 29 அன்று, இங்கிலாந்தில் அந்த ஒரு மீட்டர் விதியை நீக்கிவிட்டார்கள். குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தச் சந்து என்னைப் பார்க்கிறது.

மின்பக்கத்தில் மீட்டர்ப் பெட்டியைத் திறந்தபோது பிரதான உருகி 60 ஆம்பியர் என்றிருந்தது. மின் வலையமைப்பு நிறுவனத்துக்குப் படம் அனுப்பி, 80ஆக மாற்றக் கேட்டோம். கட்டணம் கேட்கவில்லை, ஆனால் ஐந்து வாரம் எடுத்தது. இதை நவம்பரிலேயே நான் செய்திருக்கலாம்; அதற்கு எந்த நிறுவனமும் தேவையில்லை, கைப்பேசி கேமரா போதும்.

வீட்டுக்குள் இரண்டு வழக்குகள் நடந்தன. ஒன்று, கொம்பியைத் தூக்கிவிட்டு முழுவதும் மின்சாரத்தை நம்புவதா என்பது. புதிய சிறு பாய்லர் ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று மாமி கேட்டார். எனக்கும் உள்ளூர அதே எண்ணம். முடியாது, வீட்டின் முழுச் சூட்டையும் சுடுதண்ணீரையும் ஹீட் பம்பே தர வேண்டும், பாய்லரோடு கலந்த ஏற்பாட்டுக்கு இந்த மானியம் இல்லை. எரிவாயு அடுப்பு இருக்கலாம், அதை யாரும் கேட்பதில்லை.

"அப்ப காஸ் அடுப்பு இருக்கட்டும், தம்பி. புட்டு மின்சாரத்தில் அவியாது" என்றார் மாமி.

அடுப்புக்காக மட்டும் எரிவாயு இணைப்பை வைத்திருந்தால் தினக் கட்டணம் நாளைக்கு 30 பென்ஸுக்கு மேல், ஆண்டுக்கு 110 பவுண்டுக்குக் குறையாமல் போகும். அப்போதைக்கு அந்த வழக்கை ஒத்திவைத்தேன்.

இரண்டாவது வழக்கு கடினமானது. கொம்பி இருந்த வீட்டில் சுடுதண்ணீர்த் தொட்டி கிடையாது. 180 லிட்டர் தொட்டிக்கு இருக்கும் ஒரே இடம் மேல்மாடியில் பழைய தொட்டி அலமாரி. பத்து ஆண்டாக அது எங்கள் சாமி அறை. அளவையாளர் கதவைத் திறந்து, குத்துவிளக்கையும் படங்களையும் பார்த்து, மெதுவாக மூடிவிட்டு என்னைப் பார்த்தார். சித்திரைப் புத்தாண்டு முடியும்வரை ஒரு படத்தையும் அசைக்கக்கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். அதனால்தான் வேலை ஏப்ரல் 14க்கு அப்பால் போனது. யோசித்துப் பார்த்தால் அது நல்லதாகவும் ஆயிற்று. குளிர் குறைந்தபிறகு வீட்டைத் திறந்துபோட்டோம்.

14 நாள்

இனி, பெரிய இடறல்.

பிப்ரவரி முதல் வாரத்தில் நிறுவனம் விண்ணப்பத்தைப் போட்டது. படிவத்தில் வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி, மின்னஞ்சல். பெயரிலேயே ஒரு சுற்று நடந்தது: கடவுச்சீட்டில் தந்தை பெயர் முதலிலும் என் பெயர் பின்னாலும், காணிப் பதிவில் தலைப்பெழுத்தோடு என் பெயர், மின்சாரப் பில்லில் தந்தை பெயருக்கு ஒரு மிஸ்டர். எது நீங்கள் என்று நிறுவனத்தின் அலுவலகத்துப் பெண் கேட்டார். காணிப் பதிவில் உள்ளபடி போடச் சொன்னேன். அதுவரை சரி.

மின்னஞ்சல் கட்டத்தில் மகனுடையதைக் கொடுத்தேன். வீட்டில் வங்கி, காப்புறுதி, வைத்தியசாலை எல்லாக் கடிதமும் அவன்தான் பார்ப்பான். அவன் மான்செஸ்டரில் படிக்கிறான் என்பதும், படிக்கும் பிள்ளைகள் மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்தும் கொடுத்தேன்.

நிறுவனம் விண்ணப்பித்ததும் ஆஃப்ஜெம் வீட்டு உரிமையாளருக்கு நேராக ஒரு மின்னஞ்சல் அனுப்பும். இந்த நிறுவனம் உங்கள் சார்பில் விண்ணப்பிக்கச் சம்மதமா என்று கேட்கும். 14 நாட்களுக்குள் உறுதிசெய்ய வேண்டும். இந்த மானியம் முழுவதிலும் வீட்டுக்காரர் கையால் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய இது ஒன்றுதான். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது வாரம் நிறுவனத்திலிருந்து அழைப்பு: சம்மதம் வரவில்லை, விண்ணப்பம் நிராகரிப்பு. மகனை அழைத்தேன். "அப்பா, குப்பைக் கோப்பில் கிடக்கிறது. மோசடி என்று நினைத்திருப்பேன்" என்றான். அவனைக் குறைசொல்ல முடியவில்லை. ஹீட் பம்ப் மானியம் என்று வாரம் மூன்று மோசடி மின்னஞ்சல் வருகிற நாட்டில், உண்மையானதும் அதே உடுப்பில்தான் வருகிறது.

திரும்ப விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஆனால் நிறுவனத்தின் வரிசையில் நாங்கள் பின்னுக்குப் போனோம். இம்முறை என் சொந்த முகவரி. விண்ணப்பித்த அன்றே எனக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். அனுப்புநரைத் தொடர்பில் சேர்த்தேன். காலை, மாலை குப்பைக் கோப்பையும் பார்த்தேன். மூன்றாம் நாள் வந்தது. இணைப்பை அழுத்தும் முன் நிறுவனத்தை அழைத்து, விண்ணப்ப எண் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொண்டேன். மார்ச் நடுவில் மானியத்துக்கான உறுதிச்சீட்டு (வவுச்சர்) கிடைத்தது. காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு அது மூன்று மாதம் செல்லும். அதற்குள் வேலையை முடித்து நிறுவனம் பணத்தைக் கோர வேண்டும்.

வேலையை முதலில் முடித்துவிட்டு, இயக்கிவைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும் விதி இடம் தருகிறது. சில நிறுவனங்கள் அப்படிச் செய்யக் கேட்கின்றன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்த 7,500 யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதித் தராதவரை நான் அதற்கு உடன்பட மாட்டேன். சம்மத மின்னஞ்சல் ஒன்றே எங்களுக்கு ஒரு மாதத்தைத் தின்றதே. அதைவிட மோசம், முழுத்தொகையையும் கட்டுங்கள், மானியம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்னும் விலைமனு. முதல் நிறுவனத்தின் காகிதத்தைப் பின்னர் எடுத்துப் படித்தபோது எட்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது.

நான்கு நாள்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து ஏப்ரல் 22, செவ்வாய். சாமி படங்கள் முந்தைய ஞாயிறே முன்னறைக்கு இறங்கிவிட்டன. இரண்டு பேர், ஒரு வேன். முதல் நாள் கொம்பியைக் கழற்றினார்கள். மதியம் அதைப் பழைய இரும்புக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாலையில் அலுவலகத்திலிருந்து, பழைய பாய்லர் சுவரில் இருந்தபோது எடுத்த படமும் பெயர்ப்பலகையின் படமும் கேட்டார்கள். நாளை தணிக்கை வந்தால் எரிவாயுப் பாய்லரைத்தான் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். கழற்றியவர்கள் எடுக்கவில்லை. அக்டோபரில் திருத்துகிறவருக்கு அனுப்ப நான் எடுத்த ஐந்து படங்கள் கைப்பேசியில் இருந்தது அதிர்ஷ்டம்தான்.

சமையலறை ரேடியேட்டருக்குப் போன குழாய் 10 மில்லிமீட்டர் பிளாஸ்டிக். ஹீட் பம்பில் போய்த் திரும்பும் நீரின் வெப்ப வித்தியாசம் குறைவு என்பதால் அதிகத் தண்ணீர் ஓட வேண்டும். இந்தக் குழாயில் ஓடாது. தரைப்பலகை இரண்டைத் தூக்கி 15 மில்லிமீட்டர் செம்பு போட்டார்கள். எட்டில் ஐந்து ரேடியேட்டர்கள் மாறின. வெளியே இயந்திரத்தின் அடியில், பனி உருகி வடியும் தண்ணீருக்கான குழியை நான் தோண்டினேன்: 30 சென்டிமீட்டர் ஆழம், சரளைக்கல் மூன்று மூட்டை. ஹாரோவின் களிமண்ணுக்கு அது போதாது. டிசம்பரில் குழி நிரம்பி, நடைபாதையில் வழிந்து, ஒரு காலை கண்ணாடிபோல் உறைந்து கிடந்தது. மாமி கதவைத் திறக்குமுன் பார்த்துவிட்டேன். இப்போது ஒரு குழாய் வைத்து மழைநீர் வடிகாலுக்கு விட்டிருக்கிறேன்.

வெள்ளி மாலை இயக்கிவைத்தார்கள். பத்து நாட்களுக்குள் எம்சிஎஸ் சான்றிதழ் வந்தது, கட்டட விதிகளுக்கு இணங்கியதாக ஒரு சான்றும் வந்தது. வீட்டை விற்கும் காலத்தில் வழக்கறிஞர் கேட்கும் காகிதம் பின்னது. காணிப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்.

கணக்கு

2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஹீட் பம்ப் எடுத்த மின்சாரம் 1,190 கிலோவாட் மணி, தந்த வெப்பம் 4,300. ஒன்றுக்கு 3.6. அந்தக் காலாண்டில் ஆஃப்ஜெமின் உச்சவரம்பு விலை மின்சாரத்துக்கு 26.35 பென்ஸ், ஆக 313 பவுண்ட். அதே வெப்பத்தைப் பழைய பாய்லர் தந்திருந்தால் எரிவாயு 6.29 பென்ஸ் விலையில் 318 பவுண்ட். ஐந்து பவுண்ட் மிச்சம்! பாதி விலையில் வீடு சூடாகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து இறங்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

மிச்சம் வேறு இடத்தில் வந்தது. செப்டம்பரில் எரிவாயு மீட்டரையே எடுக்கச் சொல்லிவிட்டோம். அதனால் 92 நாளுக்குத் தினக் கட்டணம் 31 பவுண்ட் போகவில்லை. அதற்கு முன் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. தோசைக்கல் இரும்பு, உடனே ஏற்றுக்கொண்டது. அலுமினியப் புட்டுப்பானையையும் இடியப்பச் சட்டியையும் அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை. மாமி என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு சவுத்தோலில் பாத்திரக்கடை பாத்திரக்கடையாக ஏறி, அடியில் காந்தம் ஒட்டிய எவர்சில்வர் பானையை 24 பவுண்டுக்கு வாங்கினோம். புட்டு அவிகிறது. முன்னைப்போல் இல்லை என்கிறார்.

மறுமுறை செய்வதென்றால் உருகிப் படத்தையும் இபிசியின் தேதியையும் முதல் நாளே பார்ப்பேன், ரேடியேட்டர் கடைப் பக்கம் போக மாட்டேன், தொட்டியை 180க்குப் பதில் 210 லிட்டராகக் கேட்பேன். மகன் விடுமுறைக்கு வந்தால் நான்காவது குளியலுக்குத் தண்ணீர் வெதுவெதுப்புதான். பின்பக்கச் சிறு படுக்கையறை இன்னும் 17.5 டிகிரியில் நிற்கிறது. மற்ற அறைகளின் வால்வுகளைக் கால் சுற்றுக் கால் சுற்றாக அடைத்து அதற்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். கொட்டிலில் கிடக்கும் 600க்கு 800 ரேடியேட்டரின் மேல் மாமி இப்போது வற்றல் காயப் போடுகிறார்.